கம்பளிப் பேன்ட்டுக்கும் பொருந்துகிற பூட்ஸ்: நான் தேர்ந்தெடுத்த விதம்

ரெட் விங் கம்பெனியின் அயர்ன் ரேஞ்சர் பூட்ஸ் ஒரு ஜோடி காலில் பழகிவிட்டால் அப்புறம் மற்ற ஷூ எல்லாம் அட்டைப்பெட்டி மாதிரிதான் தெரியும். நான் இருப்பது மினியாப்பொலிஸில். ரெட் விங் என்கிற ஊர் இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம், மிசிசிப்பி ஆற்றங்கரையில். 1905-இல் சார்ல்ஸ் பெக்மன் தொடங்கிய கம்பெனி இன்னும் அங்கேயே இருக்கிறது, கடைக்குள் 638½ சைஸில் ஒரு ராட்சத பூட்ஸையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வடக்கு மின்னசோட்டாவில் அயர்ன் ரேஞ்ச் என்று இரும்புச் சுரங்கப் பகுதி ஒன்று உண்டு, அங்கே வேலை பார்த்தவர்களை நினைத்து வைத்த பெயர்தான் அயர்ன் ரேஞ்சர். விரல்களுக்கு மேலே இரட்டைத் தோல், உருண்ட முனை, எடுப்பான தையல். ஜீன்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஆபீஸில் கிளையன்ட் வருகிற நாளில் கம்பளிப் பேன்ட்டுக்குக் கீழே அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கல்யாண ரிசப்ஷனுக்குக் கோட் போட்டால் இன்னும் மோசம். அதற்காக மெல்லிய ஆக்ஸ்போர்ட் ஷூவுக்குப் போக எனக்கு மனமில்லை. அடி தேய்ந்தால் மாற்றிப் போடலாம், பத்துப் பதினைந்து வருஷம் உழைக்கும், கணுக்காலைத் தாங்கும், அதே சமயம் பிளேசருக்கும் பொருந்தும் என்று ஒரு ஜோடி வேண்டியிருந்தது. தேட ஆரம்பித்த பிறகுதான் இந்த விஷயத்தில் எது முக்கியம், எது வெறும் விளம்பரம் என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிரெஸ்ஸியான, அதாவது கோட்டோடு போடக்கூடிய, பூட்ஸ் என்றதும் எல்லோரும் முதலில் தோலைப் பார்ப்பார்கள். கறுப்பா, பழுப்பா, பளபளக்கிறதா என்று. என் அனுபவத்தில் அது மூன்றாவது நான்காவதாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் பார்க்க வேண்டியது வடிவம். ஒவ்வொரு பூட்ஸும் கால் வடிவில் செய்த ஒரு அச்சுக்கட்டை மேல் தோலை இழுத்துப் பிடித்துத்தான் உருவாகிறது, அதை லாஸ்ட் என்பார்கள். அயர்ன் ரேஞ்சர் எட்டாம் நம்பர் லாஸ்ட், முனை நன்றாக மேலே எழும்பி இருக்கும். அதே தோலை மெலிந்த லாஸ்டில் இழுத்துத் தைத்தால் அது வேறு பூட்ஸ். ஒரு பூட்ஸ் கோட்டுக்குப் பொருந்துமா என்று தெரிய நான் செய்வது இதுதான்: தரையில் வைத்து, நாலடி தள்ளி நின்று, பக்கவாட்டில் பார்ப்பேன். முனை தரையை நோக்கிச் சரிவாக இறங்குகிறதா, நடுப்பகுதியில் இடுப்பு போல உள்வாங்குகிறதா, குதிகால் ஒட்டி நிற்கிறதா. இந்த மூன்றும் இருந்தால் தோல் என்னவாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். இவை இல்லாவிட்டால் எத்தனை பாலிஷ் போட்டாலும் அது வேலைக்கான பூட்ஸ்தான்.

அடுத்து ஓரம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை, ஆனால் கண் முதலில் விழுகிற இடம் அதுதான். குட்இயர் வெல்ட் முறையில் மேல்தோலைச் சுற்றி ஒரு தோல் பட்டையை (இதுதான் வெல்ட்) வைத்துத் தைத்து, அந்தப் பட்டையில்தான் அடியைத் தைப்பார்கள். அதனால் மேல்தோலைத் தொடாமலே அடியைப் பிரித்துப் புதிதாகப் போடலாம். இந்தப் பட்டை குதிகாலையும் சேர்த்து முழுவட்டம் சுற்றி வந்தால் 360 பாகை வெல்ட், குதிகால் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டால் 270 பாகை. முழுவட்டம் வந்தால் பின்பக்கம் ஒரு திண்ணை மாதிரி துருத்தும், 270-இல் குதிகால் பகுதி சிக்கென்று முடியும். உறுதியில் பெரிய வித்தியாசம் இல்லை, தோற்றத்தில் நிறைய வித்தியாசம். ஸ்டிச்டவுன் என்று இன்னொரு முறை உண்டு, அதில் மேல்தோலையே வெளிப்பக்கம் மடித்து அடியோடு தைப்பார்கள். கனடாவின் வைபெர்க், ஸ்போகேன் ஊரின் ஒயிட்ஸ் எல்லாம் அதற்குப் பேர் போனவை. அருமையான வேலைப்பாடு, ஆனால் ஓரம் அகலமாகத்தான் வரும், கோட்டுக்கு அது கொஞ்சம் கனம்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். ஓரத்தின் நிறம் மேல்தோலின் நிறத்தோடு ஒத்துப்போனால் அடக்கம், இயற்கையான மஞ்சள் தோல் நிறத்திலேயே விட்டிருந்தால் அது ஜீன்ஸுக்கான பூட்ஸ். தையல் நூல் தனியாகத் தெரிந்தால் ஜீன்ஸ். கயிறு நுழையும் பித்தளைக் கண்களும் கொக்கிகளும் வெளியே மின்னினால் ஜீன்ஸ், கண்களை உள்பக்கம் மறைத்து வைத்திருந்தால் கோட். இதில் ஒன்றிரண்டு மாறினால் பரவாயில்லை, எல்லாமே ஜீன்ஸ் பக்கம் சாய்ந்திருந்தால் கறுப்புத் தோல் மட்டும் அதைக் காப்பாற்றாது.

தோலைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தது சித்தப்பா. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் பல வருஷம் இருந்தவர், போன கோடையில் எங்களோடு வந்து தங்கியிருந்தார். திருப்பி அனுப்பலாம் என்ற உத்தரவாதத்தோடு நான் வரவழைத்திருந்த பூட்ஸ்களை டைனிங் டேபிளில் வரிசையாக வைத்தேன். எந்தக் கம்பெனி, என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். ஒவ்வொன்றாக எடுத்து, விரல்கள் மடங்குகிற இடத்தில் வெளியிலிருந்து கட்டை விரலை வைத்து மெதுவாக அழுத்தி, தோல் எப்படிச் சுருங்குகிறது என்று ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒன்றில் மெல்லிய கோடுகளாக, நெருக்கமாக, விட்டவுடன் மறைந்துவிடுகிற மாதிரிச் சுருக்கம் வந்தது. "இது முதுகுப் பக்கம், நல்லா வெட்டியிருக்கான்" என்றார். இன்னொன்றில் மேல்பரப்பு தனியாக உப்பிக்கொண்டு, உள்ளே காற்று புகுந்த மாதிரி தடிமனான மடிப்பு. "வயித்துப் பக்கம்டா இது. ஆறு மாசத்துல தொங்கிப்போயிடும். வலது கால் நல்லாத்தான் இருக்கு, இடது காலுக்குத் தோல் பத்தலை போல."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அவர் சொன்னது அப்படியே தெரிந்தது. அதுவரை எனக்கு அது கண்ணில் படவே இல்லை. அது மலிவான ஜோடியும் இல்லை, மேஜையில் இருந்ததிலேயே விலை கூடியவற்றில் ஒன்று. ஒரு மாட்டுத் தோலில் முதுகும் பின்புறமும் இறுக்கம், வயிறும் கால் மடியும் தளர்ச்சி. எதிலிருந்து எதை வெட்டுவது என்பது கட்டிங் மேஜையில் நிற்கிறவரின் கண்ணையும், எவ்வளவு தோலை மிச்சம் பண்ணச் சொல்லி மேலிருந்து அழுத்துகிறார்கள் என்பதையும் பொறுத்தது. கம்பெனிப் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உங்கள் கைக்கு வந்த அந்த ஜோடியை, இரண்டு காலையும் தனித்தனியாக அழுத்திப் பார்க்காமல் வைத்துக்கொள்ளாதீர்கள். பளிச்சென்ற தரையில் நடந்து மடிப்பு விழுந்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள், அதனால் கையாலேயே சோதித்துவிடுங்கள், மென்மையாக.

தோல் வகை என்று பார்த்தால் இந்த உலகத்தில் நான்கைந்து பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். சிகாகோவின் ஹார்வீன் தோல் ஆலை, அதுவும் 1905-இல் தொடங்கியதுதான், அவர்களுடைய குரோமெக்ஸெல் மிகப் பிரபலம். முதலில் குரோமில் பதப்படுத்தி, மறுபடியும் மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்தி, கடைசியில் எண்ணெயும் கொழுப்பும் மெழுகும் சூடாக ஏற்றுவார்கள். மொத்தம் 28 வேலை நாள் பிடிக்கும் என்கிறார்கள். மரப்பட்டை என்றதும் சித்தப்பா ஆவாரம்பட்டைக் கதைக்குப் போய்விட்டார், எங்கள் பக்கம் அந்தக் காலத்தில் தோல் பதனிட்டது அதில்தானே. குரோமெக்ஸெல் கீறல் விழுந்தால் விரலால் தேய்த்தாலே பாதி மறையும், மடக்கினால் உள்ளிருக்கும் எண்ணெய் நகர்ந்து நிறம் வெளிறும். எனக்கு ரொம்பப் பிடித்த தோல். ஆனால் மடிப்புகள் பெரிதாக விழும், கண்ணாடிப் பளபளப்பு ஏறாது. அதனால் டிரெஸ்ஸி என்ற கணக்கில் அது இரண்டாம் இடம்.

முதல் இடம் கன்றுத் தோலுக்குத்தான், கடையில் காஃப் என்பார்கள். நுண்ணிய மேற்பரப்பு, மெல்லிய மடிப்பு, பாலிஷ் நன்றாக ஏறும். குதிரையின் பின்புறத்திலிருந்து வரும் ஷெல் கார்டோவன் இன்னொன்று. ஹார்வீனில் அதைப் பதப்படுத்தக் குறைந்தது ஆறு மாதம் ஆகும். சுருங்காமல் அலை அலையாக மடியும், எட்டாம் நம்பர் கலர் என்கிற அந்த அடர் சிவப்புப் பழுப்பை ஒரு தடவை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மாசசூசெட்ஸின் ஆல்டன் செய்கிற கார்டோவன் பூட்ஸ் 800 டாலருக்கு மேல் போகும். மழைத்துளி பட்டால் அதில் சின்னச் சின்னப் புடைப்புகள் எழும், பிரஷ் போட்டுத் தேய்த்தால் அடங்கும். பனியும் உப்பும் உள்ள ஊரில் தினசரிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஸ்வேடை, அதாவது வெல்வெட் மாதிரி மெத்தென்ற மேற்பரப்புள்ள தோலை, யாரும் யோசிப்பதே இல்லை, அது பெரிய அநியாயம். அடர் பழுப்பு ஸ்வேட், மெலிந்த லாஸ்டில் வந்தால், சாம்பல் கம்பளிப் பேன்ட்டோடு எந்தப் பளபளப்பான பூட்ஸையும் விட அழகாக இருக்கும். தண்ணீர் தடுக்கும் ஸ்ப்ரே அடித்தால் நாம் நினைப்பதைவிடத் தாங்கும்.

நிறம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஒரே ஜோடிதான் என்றால் அடர் பழுப்பு. நீலம், சாம்பல், ஜீன்ஸ் எல்லாவற்றோடும் போகும். கறுப்பு நிறம் சூட்டுக்கு நல்லது, ஆனால் கறுப்பு சூட்டுக்குக் கறுப்பு ஷூ ஏற்கெனவே வீட்டில் இருக்கும்.

இனி ஸ்டைல். இதில் நம் வீட்டுப் பழக்கம் குறுக்கே வரும். பூட்ஸ் பற்றி இங்கே எழுதுகிறவர்கள் யாரும் தொடாத விஷயம் இது. சனி ஞாயிறு என்றால் மேப்பிள் குரோவ் கோயில், அப்புறம் இரண்டு மூன்று வீடு, எல்லா இடத்திலும் வாசலில் கழற்ற வேண்டும். ஏழு ஜோடிக் கண் உள்ள பூட்ஸை இடுப்பில் குழந்தையோடு குனிந்து கழற்றிப் பாருங்கள், அப்போது புரியும். அதனால் முதலில் செல்ஸீ பூட்ஸ் பக்கம்தான் போனேன். கயிறே கிடையாது, பக்கத்தில் எலாஸ்டிக், இழுத்தால் வந்துவிடும். ஆஸ்திரேலியாவின் ஆர்.எம். வில்லியம்ஸ், 1932-இல் இருந்து இருப்பவர்கள், மேல்பகுதி முழுவதையும் ஒரே துண்டுத் தோலில் வெட்டி, பின்னால் மட்டும் தையல் போட்டுச் செய்கிறார்கள். பார்க்க அத்தனை சுத்தம், இந்த வகையில் கோட்டுக்கு மிக நெருக்கமானது அதுதான் என்பேன்.

சிக்கல் என் காலில். செருப்பிலேயே வளர்ந்த கால், முன்பக்கம் அகலம், குதிகால் ஒடுக்கம். செல்ஸீயில் முன்பக்கத்துக்குச் சரியான சைஸ் எடுத்தால் பின்னால் குதிகால் ஏறி இறங்கும், இறுக்கிக்கட்ட கயிறும் இல்லை. புதிய பூட்ஸில் குதிகால் கொஞ்சம் தூக்குவது சகஜம், அடி வளைய ஆரம்பித்ததும் குறையும். ஆனால் நடக்கும்போது சாக்ஸ் சுருண்டு கீழே போகிற அளவுக்குத் தூக்கினால் அது சைஸ் பிரச்சினை, பழகப் பழகச் சரியாகாது. உங்கள் கால் அப்படி இல்லை என்றால் தயங்காமல் செல்ஸீயே எடுங்கள். வாங்குமுன் எலாஸ்டிக்கைத் தையல் பிரித்து மாற்றித் தருவார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், தோலுக்கு முன்னால் தளர்வது அதுதான்.

பால்மோரல் என்று ஒன்று உண்டு, கயிறு போடும் பகுதி கீழே மூடித் தைத்திருக்கும், ஆக்ஸ்போர்ட் ஷூவுக்குக் கழுத்து வைத்த மாதிரி. தோற்றத்தில் மிகவும் கம்பீரம். ஜீன்ஸோடு போட முடியாது, மேல்பாதம் உயர்ந்த காலுக்கு ஆகாது. டெர்பி வகையில் இரண்டு பக்கமும் திறந்து விரியும், நம்மில் பலருக்கு அதுதான் சரி. கடைசியில் நான் நின்ற இடம் சக்கா: கணுக்கால் உயரம், மூன்று ஜோடிக் கண், கயிறைத் தளர்த்தினாலே கால் வெளியே வந்துவிடும், மறுபடி போடும்போது குதிகாலைப் பிடிக்கிற அளவு இறுக்கிக்கொள்ளலாம்.

சைஸ் விஷயத்தில் ஒரே ஒரு வேலை செய்யுங்கள், நல்ல ஷூக் கடைக்குப் போய் பிரானக் கருவியில் காலை வைத்து அளந்துகொள்ளுங்கள். கிட்டத்தட்ட நூறு வருஷமாக அமெரிக்கக் கடைகளில் இருக்கிற அந்த உலோகத் தட்டுதான். சாயங்காலம், போடப்போகிற சாக்ஸோடு, இரண்டு காலிலும் எடையை ஊன்றி நின்று அளக்க வேண்டும். விரல் நுனி வரை உள்ள நீளத்தைப் போலவே குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை உள்ள நீளத்தையும் கேளுங்கள், பூட்ஸ் மடங்குவது அந்த மூட்டில்தான். ஸ்னீக்கர் சைஸை நம்பி வாங்காதீர்கள், இந்த வகை பூட்ஸில் பலருக்கு அரை சைஸிலிருந்து ஒரு சைஸ் வரை குறையும். ஆல்டனின் பேரி லாஸ்ட் பெரிதாகவே வரும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஊரில் எட்டு போடுகிறவர்கள் அது பிரிட்டிஷ் அளவு என்பதை மறக்க வேண்டாம், அமெரிக்க அளவில் ஏறக்குறைய ஒன்பது. அகலம் D என்றால் சாதாரணம், E, EE என்று போகப் போக அகலம். முன்பக்கம் இறுக்குகிறது என்பதற்காக நீளத்தைக் கூட்டாதீர்கள், அகலத்தைக் கூட்டுங்கள். அகலமே தராத கம்பெனி என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும், அடுத்ததுக்குப் போய்விடுங்கள்.

அடி என்ன போடுவது என்பது ஊரைப் பொறுத்தது. தோல் அடி பார்க்க மெலிவாக, அழகாக இருக்கும், மின்னசோட்டாப் பனியில் அதற்கு வேலை இல்லை. தடித்த பல் வைத்த கமாண்டோ ரப்பர் பிடிப்பு கொடுக்கும், ஆனால் பக்கவாட்டில் பல் தெரியும். இரண்டுக்கும் நடுவில் டைனைட் என்கிற ரப்பர் அடி, இங்கிலாந்தில் மார்க்கெட் ஹார்பரோவில் செய்வது. வட்ட வட்டமாகச் சின்னக் குமிழ்கள், ஓரத்திலிருந்து பார்த்தால் தோல் அடி போலவே மெலிவு. மழைக்கு நல்லது, உறைந்த பனிக்கட்டியில் மட்டும் நம்பாதீர்கள். மினியாப்பொலிஸ் டவுன்டவுனில் கட்டடங்களுக்கு நடுவே ஸ்கைவே என்று 9 மைலுக்கு மேல் மூடிய நடைபாலங்கள் இருக்கின்றன, அதனால் எனக்கு வெளியே நடக்கிற தூரம் குறைவு. நிஜமான பனிப்பொழிவு நாளில் பனி பூட்ஸில் போய் ஆபீஸில் மாற்றிக்கொள்வதுதான் சரி, எந்தக் கன்றுத் தோலும் அதற்குச் செய்ததல்ல.

சாலையில் போடும் உப்புதான் பெரிய எதிரி. வெள்ளைக் கோடு தெரிந்தால் அன்றைக்கே வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்துத் துடையுங்கள், ஹீட்டர் பக்கத்தில் வைக்காமல் உலர விடுங்கள், உலர்ந்ததும் தோலுக்கான கண்டிஷனர் போடுங்கள். மிங்க் ஆயில் நிறத்தை இருட்டாக்கி தோலைத் தொளதொளவென்று ஆக்கிவிடும், டிரெஸ்ஸி பூட்ஸுக்கு வேண்டாம். பிக் 4 என்கிற கண்டிஷனர் போதும், நிறம் மாறாது. சீடர் மரத்தில் செய்த ஷூ ட்ரீ, அதாவது ஷூவுக்குள் வைக்கும் கால் வடிவக் கட்டை, கட்டாயம் வாங்குங்கள், கழற்றியதும் போட்டுவிட்டால் மடிப்பு ஆழமாகாது. ஒரு நாள் போட்டால் மறுநாள் ஓய்வு.

விலை பற்றி ஒரு வார்த்தை. நல்ல குட்இயர் வெல்ட் பூட்ஸ் இங்கே 300 டாலரிலிருந்து தொடங்கும், அடி மாற்ற 150 டாலர் அளவில் ஆகும், கூட்டிப் பார்த்தால் பத்து வருஷக் கணக்கில் லாபம்தான். எனக்கு அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. தோல் பதனிடும் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களிடம் கேட்டால் தெரியும். 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தொழிற்சாலைகள் மேல் தீர்ப்பு சொன்ன பிறகும் எங்கள் கிணறுகளின் நிலைமை உடனே மாறிவிடவில்லை. தோல் பொருளே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், எங்கள் தெருவே அந்த வேலையில்தான் சாப்பிட்டது. ஆனால் வருஷத்துக்கு ஒரு ஜோடி வாங்கித் தூக்கிப் போடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அடி மாற்ற முடியாத தோல் பூட்ஸ் எதையும் இனி வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

நான் எடுத்தது அடர் பழுப்புக் கன்றுத் தோல் சக்கா, 270 பாகை வெல்ட், டைனைட் அடி, E அகலம், ஓரமும் நூலும் தோல் நிறத்திலேயே. கட்டை விரல் சோதனையில் இரண்டு காலும் தேறியது. இந்த விவரங்களைச் சொல்லித் தேடினால் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் ஷூ கம்பெனிகளிலும் கிடைக்கும், இங்கேயும் கிடைக்கும், அதனால் கம்பெனிப் பெயர் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. ஒரு குளிர்காலம் தாண்டிவிட்டது. மடிப்புகள் மெல்லியதாகவே இருக்கின்றன, முனையில் மட்டும் கொஞ்சம் மெழுகு பாலிஷ் ஏற்றி வைத்திருக்கிறேன்.

கோட்டும் பேன்ட்டும் தைக்கக் கொடுக்கும்போது இந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டே டெய்லரிடம் போங்கள். பூட்ஸின் குதிகால் ஷூவைவிடக் கொஞ்சம் உயரம், கழுத்தும் தடிமன். பேன்ட் அடியைக் குறுகலாகத் தைத்துவிட்டால் உட்கார்ந்து எழும்போது பூட்ஸின் மேல் விளிம்பில் மாட்டிக்கொண்டு கீழே இறங்காது. அரை அங்குலம் அகலம் கூட்டித் தைக்கச் சொன்னால் போதும்.